நம்பர் நம்மளோடது, போன் மட்டும் அவங்களோடதா?

தோழர்களே, ஒரு கணக்கு பார்ப்போம்.

2023 ஜூலையில் ஜியோபாரத் கீபேட் போன் வந்தது. விலை 999 ரூபாய். அதுக்குன்னு தனி ரீசார்ஜ், 28 நாளுக்கு 123 ரூபாய். வருஷத்துக்கு 13 தடவை போடணும், மொத்தம் 1,599 ரூபாய். முதல் வருஷமே போன் விலையை விட ரீசார்ஜ் அதிகம். சரி, குறைஞ்ச விலையில் 4ஜி போன்தானே, போகட்டும். ஆனா அந்த போன்ல வேற எந்த கம்பெனி சிம் போட்டாலும் வேலை செய்யாது. 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோபோனும் இதே கதைதான். காசு நம்மது, பூட்டு அவங்களது!

"பிடிக்கலன்னா வேற போன் வாங்கிக்கோ"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வீட்டில் நல்லா இருக்கிற பழைய 2ஜி கீபேட் போன் அதில் வேலை செய்யாது. பட்டன் போன் மட்டுமே பழகின நம்ம அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிக்கு எத்தனை மாடல் இருக்கு தேர்ந்தெடுக்க?

2011 ஜனவரி 20-ல் நாடு முழுக்க நம்பர் மாத்தாம கம்பெனி மாறும் உரிமை வந்தது. 2015 ஜூலையில் மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே நம்பர் செல்லும்னு ஆனது. எல்லையில் வாழுற நமக்குத்தான் அதோட அருமை தெரியும். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனாலே ரோமிங்னு காசு பிடுங்கிய காலத்தை ஓசூர்க்காரன் மறப்பானா? அந்த ரோமிங் எப்படி ஒழிஞ்சது? 2016-ல் ஜியோ இலவச ரோமிங்னு வந்தது, 2017-ல் மத்த கம்பெனிகளும் இறங்கி வந்தன. போட்டி இருந்ததால நமக்கு லாபம். அந்தப் போட்டியில் வளர்ந்த கம்பெனியே இப்போ ஏழை வாங்கும் போனுக்குப் பூட்டு போடுது. நம்பரை மாத்திக்கலாம், ஆனா போனைத் தூக்கிப் போடணும்னா அது பாதி உரிமைதான்.

தளி, அஞ்செட்டி மலை கிராமங்களில் எந்த சிக்னல் கிடைக்குதோ அந்த சிம்தான் போட முடியும். சிப்காட்டில் ஷிப்ட் முடிச்சுட்டு விடுதிக்கு வரும் பொண்ணு, ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த போன் அங்க சிக்னல் இல்லாம கிடந்தா, அது போனா, பொம்மையா? ஓசூர் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகம் செய்யறது நம்ம பிள்ளைங்க கை. உலகத்துக்கே போன் செய்யற மண்ணுல ஒரு பட்டன் போனுக்கு சுதந்திரம் இல்லை.

"விலை குறைச்சுக் கொடுக்கிறோம், அதான் பூட்டு"ன்னு வாதம் வரும். நியாயம்னே வெச்சுக்குவோம். அப்போ அந்தப் பூட்டுக்கு ஒரு தேதி வேணாமா? கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டிய போன் விற்கத் தடை. பிரிட்டனில் 2021 டிசம்பரில் இருந்து தடை. அங்க கம்பெனிகள் மூடிட்டா போயிட்டாங்க?

ஒன்றிய அரசின் பங்கும் இருக்கு. தனியார் 2016-ல் 4ஜி கொடுத்தாச்சு. பொதுத்துறை பிஎஸ்என்எல்-லுக்கு நாடு தழுவிய 4ஜி தொடங்கி வெச்சது 2025 செப்டம்பர் 27. ஒன்பது வருஷம்! மாத்து வழியை முடக்கி வெச்சுட்டு, "மக்கள் விரும்பித்தான் போறாங்க"ன்னு சொல்றது என்ன நியாயம்?

நம்ம கோரிக்கை மூணே மூணு:

1. "இந்த போனில் இந்த சிம் மட்டுமே வேலை செய்யும்"னு பெட்டி மேல தமிழில், பெரிய எழுத்தில் போடணும்.
2. வாங்கி ஒரு வருஷம் ஆனதும் இலவசமா பூட்டைத் திறந்து தரணும்.
3. எல்லா சிம்மும் ஏத்துக்கிற மலிவு 4ஜி கீபேட் போனை பிஎஸ்என்எல் மையங்களில் விற்கணும்.

இது மாநில அரசு கையில் இல்லை. டிராயும் ஒன்றிய தொலைத்தொடர்புத் துறையும் எடுக்க வேண்டிய முடிவு. கிருஷ்ணகிரி நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதுங்க, அவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்க. உங்க வீட்டுப் பெரியவங்க கையில் பூட்டிய போன் இருந்தா, மாடல் பெயரை மட்டும் கமெண்ட்ல போடுங்க. பட்டியல் போட்டு மனுவோட சேர்ப்போம்.

காசு கொடுத்தவன் கையில் சாவி இருக்கட்டும்!

#பூட்டைத்_திற #ஓசூர் #கிருஷ்ணகிரி