எந்த மாத்திரை எதற்குப் பின் வந்தது?

தாத்தா பாட்டியின் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தால், எது எந்த நோய்க்கு என்று கேட்கிறோம். எது எதற்குப் பிறகு தொடங்கியது என்று கேட்பதில்லை. தரவு அறிவியல் பயிலும் எனக்கு இரண்டாவது கேள்வியும் அதே அளவு முக்கியமாகத் தோன்றுகிறது.

இரத்த அழுத்தத்திற்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின், சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கும். அதைப் புதிய நோயாகக் கருதி நீர் மாத்திரை சேர்க்கப்படலாம். அதனால் பொட்டாசியம் குறைந்தால், அதற்கும் ஒரு மருந்து. ஒரு மருந்து இன்னொன்றை வரவழைக்கும் இந்தச் சங்கிலியைப் பற்றி 1990களிலேயே மருத்துவர்கள் பௌலா ரோச்சனும் ஜெர்ரி கர்விட்ஸும் எச்சரித்தனர்.

ஆயிரக்கணக்கானோரின் மருந்துப் பதிவுகளில் இதை எப்படிக் கண்டறிவது? சராசரி மட்டும் போதாது. ஐந்து பேர் 20ஆம் நாளிலும் ஐந்து பேர் 380ஆம் நாளிலும் இரண்டாவது மருந்தைத் தொடங்கினால், சராசரி 200 நாள். ஆனால் 200ஆம் நாளில் ஒருவர்கூடத் தொடங்கவில்லை!

டென்மார்க் ஆய்வாளர் யெஸ்பர் ஹல்லாஸ் 1996ல் வெளியிட்ட முறை எளிமையானது. இரண்டு மருந்துகளையும் புதிதாகத் தொடங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்லோடிபின் தொடங்கிய நாளை நடுவில் பூச்சியமாக வைத்து, நீர் மாத்திரையை எத்தனை பேர் அதற்கு முன் தொடங்கினர், எத்தனை பேர் பின் தொடங்கினர் என்று வாரவாரியாகப் பட்டை வரைய வேண்டும். தொடர்பில்லை என்றால் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். வலப்பக்கம் ஓங்கி நின்றால், அது விசாரிக்க வேண்டிய அறிகுறி.

அறிகுறிதான், தீர்ப்பு அல்ல. நீர் மாத்திரை இரத்த அழுத்தத்திற்கும் தரப்படுகிறது. முதல் மருந்து போதாமல் மருத்துவர் அதைச் சேர்த்திருந்தாலும் வலப்பக்கம் உயரும். பதிவேடு தொடங்குமுன்பே மருந்து உட்கொண்டவர்கள், புதிதாகத் தொடங்கியவர்களைப் போலத் தெரிவார்கள். இவற்றைப் பிரித்தறிய நோயாளியையும் மருத்துவத்தையும் அறிந்தவரின் துணை வேண்டும்.

எனவே தரவு பயிலும் மாணவர்களே, கணக்கிடும் முன் வரைந்து பாருங்கள். மற்றவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள முதியவரின் ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய தேதியை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போது அந்தத் தாளை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டி, “இது அதனால் வந்ததா?” என்று கேளுங்கள்.