ஆணையிடுவோரும் அஞ்சுவோரும்

ஓட்டுச் சாவடியில் ஒருநாள் உரிமை. மற்ற நாளெல்லாம் ‘உத்தரவு, எசமான்!’ என்ற பணிவு. இதற்குப் பெயர் விடுதலையா? இக்கேள்வியையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர், அமெரிக்க மானிடவியல் அறிஞர் டேவிட் கிரேபர்.

1961-இல் நியூயார்க்கில், உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர். தாய் ஆடைத் தொழிலாளி. தந்தை, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றவர். 1989 முதல் 1991 வரை மடகாஸ்கர் தீவில், பெத்தாஃபோ எனும் சிற்றூர் மக்களை ஆராய்ந்தார். அவர் கண்டதென்ன? பக்கத்து நகரில் அரசு அலுவலகம் இருந்தது. நாட்டுப்புறத்திலோ வரி தண்டுவாரும் அரிது, காவலரும் அரிது. ஊர் அழிந்துவிட்டதா? இல்லை! மக்கள் கூடிப் பேசித் தம் காரியங்களைத் தாமே நடத்தினர். எனினும், அங்கே அடிமைமுறை 1896-இலேயே சட்டப்படி ஒழிந்திருந்தும், பெருங்குடியினரின் வழிவந்தோர், அடிமைகளின் வழிவந்தோர் எனும் பிளவு மறையவில்லை. சட்டம் ஒழித்ததை மனம் ஒழிக்கவில்லை.

இன்னொன்றும் கூறினார். ஆள்பவருக்கு, அடங்கியோரின் உள்ளத்தை அறியத் தேவையில்லை. அடங்கியோரோ ஆள்பவரின் முகக்குறிப்பை ஓயாது படித்தாக வேண்டும். முதலாளியின் எண்ணத்தைத் தொழிலாளி அறிவான். கணவனின் சினம் எப்போது மூளும் என்பதை மனைவி அறிவாள். மறுதலை நடப்பதில்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று காண வேண்டுமா? யார், யாருடைய முகம் பார்த்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள், போதும்!

2020-இல் அவர் மறைந்தார். தொல்லியல் அறிஞர் டேவிட் வெங்ரோவுடன் இணைந்து அவர் எழுதிய பெருநூல் 2021-இல் வெளிவந்தது. இருக்குமிடம் விட்டுப் பெயரும் உரிமை, ஆணையை மறுக்கும் உரிமை, சமுதாய உறவுகளைப் புதிதாய் அமைக்கும் உரிமை ஆகிய மூன்றே அடிப்படை என்கிறது அந்நூல்.

அரசே வேண்டாம் என்றவர் கிரேபர். அங்கே நாம் அவரோடு உடன்படோம். பன்னாட்டு நிதியத்தின் சிக்கன நிபந்தனையால் மடகாஸ்கரில் கொசு ஒழிப்புத் திட்டம் வெட்டப்பட்டு, மலேரியாவுக்குப் பத்தாயிரம் பேர் பலியானதை எழுதியவரும் அவரே! அரசு விலகினால் விடுதலை மட்டுமா வரும்? கொசுவும் வரும்!

ஆனால், அவரது கேள்வி நம் வாயிலிலும் நிற்கிறது, தோழர்களே! நம் கிளைக் கூட்டத்தில், கடைசி வரிசைத் தோழர் எழுந்து ‘இது தவறு’ என்று கூற முடிகிறதா? கூறியபின், முன்பிருந்த அதே மதிப்போடு அமர முடிகிறதா? முடிகிறதென்றால், நாம் கேட்கும் விடுதலைக்கு நாமே சான்று. முடியவில்லையென்றால், கோட்டையைப் பிடித்தும் பயனென்ன? எசமான் மாறுவார், ‘உத்தரவு’ மாறாது!