சாம்பல் சிமெண்டும் எங்க வீட்டு மாடியும்

"சாம்பலைக் கலந்து விக்கிறான் தம்பி, இதைப் போட்டா மாடி நிக்காது."

சொன்னவர் எங்க ஊர் கொத்தனார் அண்ணன். திண்டுக்கல்லில் அப்பா மாடி எடுக்கிறார். பிபிசி (லண்டன் ரேடியோ இல்லீங்க, சாம்பல் கலந்த சிமெண்ட்) மூட்டையைப் பார்த்ததும் மனுஷன் கரண்டியைக் கீழே வச்சிட்டார். ஓபிசி 53 கிரேடு வந்தாத்தான் கான்கிரீட்டாம். அப்பா உடனே எனக்குப் போன் போட்டார். மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டுறவன்கிட்ட சிவில் சந்தேகம் :)

உட்கார்ந்து படிச்சேன். சிமெண்ட் தண்ணியோட சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்ஸைடு உபரியா வருது. அதனால பலத்துக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல்ல இருக்கிற சிலிக்கா அதைப் பிடிச்சு, சிமெண்ட் தர்ற அதே பசையை இன்னும் கொஞ்சம் உண்டாக்குது. நுண்துளைகள் அடைபடுது, உப்பும் தண்ணியும் கம்பி வரைக்கும் போறது கஷ்டமாகுது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வச்சு செஞ்சதும் கிட்டத்தட்ட இதுதான். ஐ.எஸ். 1489 படி 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம். இதைப் போய் கலப்படம்னா அநியாயம். சுண்ணாம்புக்கல்லைச் சுடுறதுல கிளம்புற கரியமில வாயுவும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆனா கொத்தனாரை முழுசா தப்பு சொல்லவும் மனசு வரலை. அவர் பார்த்த விரிசல் நிஜமாத்தான் இருக்கும். சாம்பல் செய்யுற வேலை மெதுவா நடக்கும், அதுவும் ஈரம் இருக்கிறவரைக்கும்தான். 2000-ல் வந்த ஐ.எஸ். 456, ஓபிசிக்குக் குறைஞ்சது 7 நாள் ஈரம் கேட்குது. கலப்பு சிமெண்டுக்கு 10 நாள், முடிஞ்சா 14. நம்ம ஊர்ல மூணு நாள் ஹோஸ் பிடிச்சிட்டு, நாலாம் நாள் சுவர் கட்ட ஏறிடுறோம். சென்ட்ரிங் பிரிக்கவும் அவசரம், பலகைக்கு வாடகை ஏறுதே. பழி மட்டும் சாம்பலுக்கு.

என் கோபம் விக்கிறவங்க மேலதான். மூட்டை பூரா வலிமை, உறுதின்னு போடத் தெரியுது, "14 நாள் தண்ணி கட்டு"ன்னு கொட்டை எழுத்துல ஒரு வரி போட்டா என்னவாம்? கடைக்காரரும் மூச்சு விடலை.

ஒருவழியா பிபிசியே போட்டாச்சு. அப்பா மேல பாத்தி கட்டி, போர்ல தண்ணி பத்தாம லாரித் தண்ணி வாங்கி நிறுத்தியிருக்கார். நேத்து போன்ல, "காக்கா எல்லாம் வந்து குளிச்சிட்டுப் போகுதுடா"ன்னார். இன்னும் ஆறு நாள் பாக்கி.