கோப்பு முறைமை கெர்னலுக்கு உள்ளேயா, வெளியேயா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவன், பாரூர்)

வட்டில் கிடக்கும் வெறும் எண்களைப் பெயருள்ள கோப்புகளாக நமக்குக் காட்டுவது கோப்பு முறைமை. இது இயக்க முறைமையின் மையமாகிய கெர்னலுக்குள் இருக்க வேண்டுமா, மற்ற நிரல்களைப் போல வெளியே இயங்கலாமா என்பது நெடுநாளைய வழக்கு. பேராசிரியர் டேனன்பாமின் மினிக்ஸில் அது வெளியே தனி நிரலாக இயங்கியது. அன்று மாணவராக இருந்த டோர்வால்ட்ஸின் லினக்ஸிலோ உள்ளே இருந்தது. 1992-இல் இருவரும் இதுபற்றிக் கடுமையாக வாதிட்டனர்.

எளிய கோப்பு முறைமைகள் வெளியே இருப்பதே நன்று என்பது என் கருத்து.

பாரூர் ஏரியை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். வயல் வாய்க்கால் உடைந்தால் மண்வெட்டியோடு ஒருவர் போய் அடைத்துவிடலாம். ஏரிக்கரை உடைந்தால் ஆயக்கட்டு முழுவதும் பாழ். கெர்னல் ஏரிக்கரை போன்றது. அங்கே ஒரு வரி பிழைத்தாலும் கணினி முழுவதும் நின்றுவிடக்கூடும். பல கை மாறி வரும் பென்டிரைவில் என்ன கெட்டுக் கிடக்கிறதோ, யார் அறிவார்? அதைப் படிக்கும் சுமையைக் கரைமேல் ஏற்றலாமா?

வெளியே வைத்தால் வேகம் குறையும் என்பர். உண்மைதான். ஒவ்வொரு வேண்டுகோளும் கெர்னலுக்குள் சென்று, வெளியே வந்து, மீண்டும் உள்ளே போக வேண்டும். ஆனால் பென்டிரைவே மெதுவானது; அங்கே இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. 2005-இல் லினக்ஸில் ஃபியூஸ் என்னும் வழி சேர்ந்தது. அதன்மீது எழுந்த என்டிஎஃப்எஸ்-3ஜி, 2007 முதல் விண்டோஸ் வட்டுகளில் லினக்ஸ் எழுதுவதற்கு உதவியது. முழுமையாக எழுதவல்ல இயக்கி கெர்னலுக்குள் வந்தது 2021-இல்தான். ஆண்ட்ராய்டும், இடையில் கெர்னலுக்குள் கொண்டுபோன கோப்புப் பணியை 2020-இல் 11-ஆம் பதிப்பில் ஃபியூஸுக்கே திருப்பிவிட்டது.

கணினி எழுவதற்கே வேண்டிய முதன்மை வட்டின் கோப்பு முறைமை உள்ளேயே இருக்கட்டும். அங்கே வேகம் தேவை; பல்லாண்டுச் சோதனையும் அதற்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். என்னைப் போன்றோர் கற்பது ஆய்வகத்துக் கணினிகளில்தான். கெர்னலுக்குள் எழுதிப் பிழைத்தால் கணினியே நிற்கும். வெளியே எழுதிப் பிழைத்தால் நம் நிரல் மட்டுமே விழும். திருத்தி மீண்டும் ஓட்டலாம். அஞ்சாமல் கற்க இதுவன்றோ வழி!

ஆகவே, ஃபியூஸ் கொண்டு ஒரு சிறு கோப்பு முறைமை எழுதுவதை ஆய்வகப் பயிற்சியில் சேர்க்குமாறு நம் பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.