நாயின் தலையெழுத்தா?

உள்ளங்கையில் அடங்கும் சிவாவா நாய்க்குட்டி. ஆப்பிளைப் போல் உருண்ட தலை. வெளியே தள்ளிய விழி. "ஆகா, என்ன அழகு!" என்கிறார்கள் சீமாட்டிகள். சில மாதம் போகிறது. குட்டி திடீரென்று சாய்கிறது. கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. வலிப்பு! "அதன் தலையெழுத்து" என்று கையை விரித்து விடுகிறார்கள்.

தலையெழுத்தா, தோழர்களே? மூளைக்குள் ஊறும் நீர் ஓயாமல் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். பிறவியிலேயே வழி அடைபட்டால் அது உள்ளே தேங்கி, மூளையை மண்டையோட்டோடு வைத்து நசுக்கும். குட்டி வட்டமிட்டுச் சுற்றும், பார்வை மங்கும், எதையும் பழகாது, வலிப்பும் வரும். எல்லா வலிப்புக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் குட்டை இனங்களில் இந்த நோய் அதிகம். மருந்து உண்டு. மூளையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்து நீரை இறக்கும் அறுவையும் உண்டு. கூலிக்காரன் வீட்டு நாய்க்குக் கிடைக்குமா அது?

அமெரிக்க நாய்ச் சங்கத்தார் சிவாவாவுக்கு வகுத்த இலக்கணத்தைக் கேளுங்கள்: தலை ஆப்பிள் போல் உருண்டிருக்க வேண்டுமாம், உச்சிக்குழி மூடாமல் இருந்தாலும் குற்றமில்லையாம்! உச்சி மூடாத பிள்ளையைக் கண்டு எந்தத் தாய் பெருமைப்படுவாள்?

இங்கிலாந்தில் உருவான கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலின் கதியும் இதுதான். உழக்கில் ஒரு படி அரிசியைத் திணித்தாற்போல, சின்ன மண்டையோட்டில் பெரிய மூளை. சிறுமூளை பிடரித் துளை வழியே பிதுங்குகிறது. முதுகுத்தண்டில் நீர்க்குழிகள் விழுகின்றன. கழுத்தைத் தொட்டாலே அலறுகிறது.

நார்வே நாட்டில் விலங்கு நலச் சங்கம் வழக்குத் தொடுத்தது. அந்த இனத்தைப் பெருக்குவது சட்டவிரோதம் என்று 2022 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாயை வளர்ப்பது குற்றமன்று. நோய் தெரிந்தும் பெருக்குவதுதான் குற்றம். வேறு இனத்தோடு கலப்பதே வழி என்ற யோசனையும் அங்கே எழுந்தது. தூய இரத்தம் பேசியவர்களுக்கு அது கசந்திருக்கும்!

தெருவிலோ வீட்டிலோ நாய்க்கு வலிப்பு கண்டால் சாவியைத் திணிக்காதீர்கள். வாய்க்குள் கை விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. உங்கள் விரலைத்தான் கடிக்கும். இடிபடும் பொருள்களை விலக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிறவிக் கோளாறு என்று அவர் சொல்லிவிட்டால், விலை எவ்வளவு கிடைத்தாலும் அதைக் குட்டி போட விடாதீர்கள்.