திக்குவாயும் நம் அவசரமும்

சேலத்தில் ஏர்க்காடு சாலையோரம் இன்றும் நின்றுகொண்டிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. 1950ல் அங்கிருந்து வெளிவந்த ‘மந்திரி குமாரி’ போன்ற படங்களின் அடுக்குமொழி வசனங்களை மனப்பாடம் செய்து, திருவிழா மேடைகளில் முழங்கி மகிழ்ந்த இந்தச் சீமையில், தங்குதடையின்றிப் பேசுகிறவனே தைரியசாலி, பேச்சில் தடுமாறுகிறவன் விஷயம் அறியாதவன் என்ற அபிப்பிராயம் சற்று ஆழமாகவே வேரூன்றிவிட்டதோ என்பதே அது. கதாநாயகனுக்கு அடுக்குமொழியைக் கொடுத்த தமிழ்த் திரை, விதூஷகனுக்குத் திக்குவாயைக் கொடுத்தது, நாமும் சிரித்தோம்.

உலகெங்கும் பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் திக்கிப் பேசுகிறார் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. குழந்தைப் பருவத்தில் திக்குகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேராவது இருப்பர். பெரும்பாலோருக்கு அது தானே மறைந்துவிட, எஞ்சியவர்களுக்கு ஆயுள் முழுவதும் உடன் வருகிறது. அப்படி எஞ்சுகிறவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற விகிதம். பேச்சுறுப்புகளை உரிய கணத்தில் இயக்கும் மூளையின் நுட்பமான ஒழுங்கில் ஏற்படும் மாறுபாடே இதன் மூலம் என்றும், அது பெரும்பாலும் வம்சாவளியாக வருவது என்றும் இன்றைய ஆராய்ச்சி சொல்கிறது. 2010ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து, இதனோடு தொடர்புடைய மரபணுக்களை முதன்முறையாக அடையாளம் கண்டனர். நாக்கில் வசம்பு தடவியும் வாயில் கூழாங்கல் அடக்கியும் நம் பாட்டிமார் செய்த வைத்தியத்தில் அன்பு நிறைய இருந்தது; குணம் கண்டதாகத்தான் தெரியவில்லை. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. வகுப்பு முழுவதும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கையில் திக்காத பையன் தனியே எழுந்து நின்றால் திக்குகிறான். தெருக்கூத்தில் வேடங்கட்டி விடிய விடியப் பாடுகிறவனுக்கு, வேடம் கலைத்தபின் ஒரு தேநீர் கேட்பதற்குள் வியர்த்துவிடுகிறது.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதும் நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். எந்த லோடுக்கு எந்த வண்டி, எந்த ஊருக்கு என்ன வாடகை என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆயினும் மேசைமேல் மணியடிக்கும் போனை மட்டும் அவர் தொடுவதில்லை. எடுத்து ‘ஹலோ’ சொல்வதற்குள் மறுமுனையில் வைத்துவிடுகிறார்கள். அவர் குடியிருப்பது ராசிபுரத்தில். சேலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, கண்டக்டர் எதிரே வந்து நின்று “எங்கீங்கண்ணா?” என்று கேட்டதும், தொண்டை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, பின்னிருக்கைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அந்த அவஸ்தைக்கு அஞ்சி, சுலபமாக வாயில் வருகிற ‘நாமக்கல்’ என்ற பெயரைச் சொல்லி, அதற்குரிய கட்டணத்தையும் கொடுத்துவிட்டு, வழியிலேயே ராசிபுரத்தில் இறங்கிவிடுவார். இவ்விதம் வார்த்தைக்கு வார்த்தை மாற்று தேடிக்கொள்வதில் அவர் அடைந்திருக்கும் சாமர்த்தியம் ஒரு கவிராயருக்கும் வாய்க்காது. ஆனால் சொந்தப் பெயருக்கு மாற்று ஏது? புதியவர்கள் பெயர் கேட்டால், சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டிவிடுகிறார். இப்போது வாட்ஸ்அப் வந்து அவருக்குப் பெரும் சௌகரியம் என்கிறார்கள். சௌகரியந்தான்; மாதக்கணக்கில் அந்நியர் எவரோடும் வாய்திறவாமல் காலந்தள்ளிவிட முடிகிற சௌகரியம் எனக்கு அத்தனை சந்தோஷம் தரவில்லை.

திக்குகிறவரைப் பரிகசிப்பவர்களை விட்டுவிடுவோம்; அவர்களுக்குப் பத்திரிகை வாயிலாகப் புத்தி சொல்லிப் பயனில்லை. நான் சொல்ல வந்தது நல்லவர்களைப் பற்றி. அவர் தொடங்கிய சொல்லைத் தாமே முடித்து வைப்பவர்களும், “பதறாதீங்க, மூச்சு இழுத்து விட்டு மெதுவாச் சொல்லுங்க” என்று உபதேசிப்பவர்களும் உபகாரம் செய்வதாகவே எண்ணுகிறார்கள். முடித்து வைத்த சொல் பல சமயம் அவர் சொல்ல வந்ததாக இருப்பதில்லை. திருத்துவதற்கு மறுபடியும் திக்க வேண்டுமே என்று அவரும் தலையாட்டிவிடுகிறார். வேண்டாத சரக்கோடு கடையிலிருந்து திரும்பியவர்கள் பலர்.

1957ல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஊரறியத் திக்குகிறவர். எப்போதும் இப்படித் திக்குவீர்களா என்று ஒருவர் கேட்டதற்கு, இல்லை, பேசும்போது மட்டுந்தான் என்று அவர் பதிலளித்ததாகச் சொல்வார்கள். ஆனால் அவருக்குக் கட்சி இருந்தது, கேட்பதற்கு ஜனங்கள் காத்திருந்தார்கள். உத்தியோகம் தேடி நேர்முகத் தேர்வின் மேசைமுன் உட்காரும் ராசிபுரத்து இளைஞனுக்காக யார் காத்திருக்கிறார்கள்?

அரசாங்கத்தின் ஏற்பாடுகளும் அவனை எட்டவில்லை. மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்கள் 18 வயது வரையுள்ளவர்களுக்கே. 21 வகைக் குறைபாடுகளை வரிசைப்படுத்தும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பேச்சுக் குறைபாட்டுக்குக் குரல்வளை நீக்கத்தையும் மூளைப் பாதிப்பால் வரும் மொழியிழப்பையும் உதாரணம் காட்டுகிறதேயன்றித் திக்குவாயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இத்தனைக்கும், எழுதுவதற்குச் சிரமப்படுகிற மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரவேண்டுமென்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கைக்குக் கொடுக்கிற அவகாசத்தை நாவுக்கும் கொடுப்பதில் என்ன தடை? நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதத்தில், ‘பேச்சில் தடை உள்ளவர்கள் முன்னரே தெரிவித்தால் கூடுதல் நேரம் அளிக்கப்படும், விரும்பினால் எழுதியும் பதில் தரலாம்’ என்று ஒரு வாக்கியம் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, நாமக்கல் வட்டாரத்தின் தனியார் கல்லூரிகளும் கோழிப்பண்ணை நிறுவனங்களும் அடுத்த ஆள்சேர்ப்பிலேயே அதைச் செய்துவிடலாம்.