காலடியில் ஒரு கருவூலம்

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

காடு வளர்ப்பு என்றதும் நம் கண்முன் நிற்பது மரம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நாம் செய்யும் பணியையும் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால்தான் அளக்கிறோம். மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துக் கரிமத்தைத் தன் உடலில் சேர்க்கிறது, உண்மையே. ஆனால் உலக நிலப்பரப்பின் மேல் ஒரு மீட்டர் மண்ணுக்குள் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் அடங்கியிருக்கிறது. உலகின் மரஞ்செடிகொடிகள் அனைத்திலும் உள்ளதைப் போல் அது இரு மடங்குக்கும் மேல். அதை யார் எண்ணுகிறார்கள்?

நம் நீலகிரியில் இக்கேள்விக்குத் தனிச்சிறப்பு உண்டு. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இக்குளிரில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சற்றே சோம்பேறிகள். உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் விரைவில் மக்கிக் காற்றோடு கலப்பதில்லை. சோலைக்குள் தரையைக் கிளறினால் கறுத்த மண் தெரியும். புல்வெளியோ தன் செல்வத்தை வேரில் வைத்திருக்கிறது. மேலே பனி கருக்கினாலும் தீ தீண்டினாலும் கீழே உள்ளது பெரும்பாலும் தப்பிவிடும். பள்ளங்களிலுள்ள சதுப்புகளில் நீர் தேங்கிக் காற்றைத் தடுப்பதால் பல்லாயிரம் ஆண்டுத் தாவர எச்சம் முழுவதும் மக்காமலே கிடக்கிறது. அவற்றை ஆராய்ந்த ஆர். சுகுமார் முதலிய அறிஞர்கள், கடந்த 20,000 ஆண்டுகளில் இம்மலையில் புல்லும் மரமும் மாறிமாறி ஓங்கிய வரலாற்றை அக்கரிமத்தைக் கொண்டே 1993இல் எடுத்துக்காட்டினர். ஆகவே, புல்வெளி என்பது மரம் அழிந்துபோன தரிசு என்று இனியும் சொல்வது பேதைமை.

ஆயினும் தரிசென்றே கருதினார்கள். 1843இல் கற்பூர மரம் இங்கு வந்தது. சீகையும் அந்நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது. விடுதலைக்குப் பின்னரும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் சிறுமுகை ஆலையின் மரக்கூழுக்காகவும், புல்வெளிகளில் இவற்றை நட்டுக்கொண்டே போனோம். கிளன்மார்கனில் 1972 முதல் பத்தாண்டுகள் நடந்த ஆய்வில், கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் ஓடிவரும் நீர் 16 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. நீர் குறைந்தால் சதுப்பு உலரும். உலர்ந்த சதுப்பில் காற்று நுழையும். காற்று நுழைந்தால் பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பு கரியமில வாயுவாய் வெளியேறத் தொடங்கும். மேலே மரத்தில் வரவு எழுதுகிறோம், கீழே செலவை எழுதுவதில்லை.

சீகைத் தோப்பின் மண்ணிலும் கரிமம் சேரும். அதை மறுப்பது அறிவியலாகாது. அதனால்தான் இன்று அயல்மரங்களை அகற்றும் முறையைப் பற்றி எனக்குக் கவலை. தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கென ஒரு கொள்கை வகுத்தது. வரவேற்கிறேன். ஆனால் 'வேரோடு பிடுங்குவோம்' என்பது மேடைக்கு ஏற்ற முழக்கம். சரிவான மலைக்கு ஏற்றதன்று. ஜே.சி.பி. கொண்டு அடிமரத்தைப் பெயர்த்தால் மண் புரண்டு கரிமம் காற்றுக்குப் போகும். அடுத்த மழையில் மேல்மண்ணே ஓடைக்குப் போகும். போதாக்குறைக்கு, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கக்கூடிய சீகை விதைகளையும் நாமே எழுப்பிவிடுவோம்!

மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டி வேரை அங்கேயே மக்கவிடலாம். துளிர்ப்பதையும் முளைப்பதையும் ஆண்டுதோறும் கையால் களையலாம். சீகை நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்துள்ள இடங்களில் ஒரேயடியாக வெட்டாமல் சிறுகச் சிறுகக் கழிக்கலாம். ஆள் கூலி மிகும், ஆண்டுகள் பல ஆகும் என்பார்கள். ஆகட்டுமே! மலைவாழ் மக்களுக்கு அது வேலையுமாகும்.

வனத்துறையின் திட்டக் கணக்குகளில் மரத்தின் கன அளவுக்குப் பக்கத்திலேயே மண்ணின் கரிமத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்கு நாமும் உதவலாம். பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொண்டு மண்ணின் கரிமத்தை அளக்கும் முறை நம் வேதியியல் ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது. அயல்மரம் அகற்றவிருக்கும் ஒரு சரிவில், வெட்டுமுன் ஒரு முறையும் பின்னர் ஆண்டுக்கொரு முறையும் மண்ணெடுத்துச் சோதித்து, அந்த எண்களை இம்மலரிலேயே வெளியிடப் பேராசிரியர்கள் இசைவார்களா?